பார்க்கேயா, வினைலா? 5,000 வெள்ளிக்குள் ஒரு தரை

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் நாங்கள் வாங்கியது எண்பதுகளில் கட்டிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மறுவிற்பனை. சாவி கைக்கு வந்த அன்று சாயங்காலம், சாமான் எதுவும் இல்லாத வீட்டுக்குள் போய் நின்றால் கண்ணில் பட்டது தரை மட்டும்தான். கூடத்தில் பழுப்பேறிய ஓடு, அதில் இரண்டு விரிசல். மூன்று படுக்கையறையிலும் பார்க்கே. விரல் அகலத் தேக்குத் துண்டுகளை ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒரு கட்டம் குறுக்கே, அடுத்த கட்டம் நெடுக்கே என்று பாய் முடைந்த மாதிரி பதித்திருந்தார்கள். மேல்பூச்சு உரிந்து, கட்டில் கிடந்த இடம் ஒரு நிறம், ஆள் நடந்த இடம் ஒரு நிறம்.

மனைவிக்கு வீடு முழுக்க வினைல் வேண்டும். ஒரே நிறம், ஒரே மட்டம், துடைத்தால் தீர்ந்தது வேலை. மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "பிளாஸ்டிக் மேல நடக்கவா இவ்வளவு கடன் வாங்கினீங்க? போடுறதா இருந்தா நல்ல மரமாப் போடுங்க மாப்பிள்ளை" என்றார். தரைக்கென்று நாங்கள் ஒதுக்கியிருந்தது 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பழைய வீடு வாங்கியவர்களுக்கு உதவும்.

முதலில் விலை. சமையலறை, குளியலறை போக எங்களுக்குத் தரை 680 சதுர அடி. கூடம், சாப்பாட்டு மேசைப் பகுதி, நடை எல்லாம் சேர்த்து 320, படுக்கையறைகள் 360. எங்களிடம் சொன்ன விலை, வினைல் போட்டுத் தரச் சதுர அடிக்கு ஐந்தரை வெள்ளி, தேக்குப் பார்க்கே புதிதாகப் பதிக்க 17 வெள்ளி. வீடு முழுக்க வினைல் என்றால் 3,740 வெள்ளிதானே, ஒதுக்கியதற்குள் அடங்கிவிட்டதே என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் மற்ற செலவுகள் வந்தன. படுக்கையறைப் பார்க்கேயைப் பெயர்த்து அடிச்சிமெண்டை மட்டப்படுத்தச் சதுர அடிக்கு 3 வெள்ளி, அது 1,080. தரையும் சுவரும் சேரும் ஓரத்தை மூடும் ஸ்கர்ட்டிங் பட்டை 400. ஆக 5,220. மாமனார் சொன்ன மரம் 11,560, பெயர்க்கும் கூலி தனி. கடையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் சதுர அடி விலை பாதிக் கதைதான். விலைப்பட்டியல் வாங்கும்போது பெயர்ப்பது, மட்டப்படுத்துவது, ஸ்கர்ட்டிங், கதவின் அடியைச் சீவுவது, குப்பை அள்ளுவது ஆகிய ஐந்தும் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது கடைகளில் வினைல் என்று காட்டுவது பெரும்பாலும் எஸ்பிசி பலகை. சுண்ணாம்புக்கல் தூளையும் பிவிசியையும் கலந்து அழுத்திய கெட்டியான நடுப்பகுதி, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு தேய்மானப் படலம். பலகைகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும், பசை வேண்டாம். மெல்லிய வினைலைப் பசை தடவி ஒட்டுகிற பழைய முறையும் இருக்கிறது, விலையும் குறைவு, ஆனால் அடித்தரையில் இருக்கும் சின்ன மேடு பள்ளம்கூட மேலே தெரிந்துவிடும். விற்பவர் 5 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் என்று மொத்தத் தடிமனைப் பெருமையாகச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது மேலே இருக்கும் அந்தப் படலத்தின் தடிமன். அது 0.3 மில்லிமீட்டரா 0.5 மில்லிமீட்டரா என்பதைப் பொறுத்துத்தான் தரையின் ஆயுள். நாற்காலி இழுபடுகிற கூடத்துக்கு 0.5க்குக் கீழே போகாதீர்கள். இன்னொன்று, நாலைந்து பலகையைத் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மலிவான ரகத்தில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டிருப்பார்கள். ஒரு கடையில் என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "இந்த முடிச்சு அங்கேயும் இருக்கு, இங்கேயும் இருக்கு" என்று விரலால் எண்ணிக் காட்டினாள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் ஆயுளுக்கும் அதுதான் தெரியும்.

எல்லாக் கடையிலும் ஒரு கண்ணாடித் தொட்டியில் வினைல் துண்டைத் தண்ணீருக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். "வாரக்கணக்கா ஊறுது, ஒண்ணும் ஆகலை பாருங்க." உண்மைதான், அந்தத் துண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தரை என்பது துண்டு இல்லை. ஓரத்தில் சுவருக்கும் பலகைக்கும் நடுவே 8, 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் வினைல் போடுவார்கள், வெப்பத்தில் விரிய இடம் வேண்டுமே. ஸ்கர்ட்டிங் அதை மறைத்துக்கொண்டிருக்கும். நண்பன் வீட்டில் ஏர்கானின் வடிகுழாய் அடைத்துக்கொண்டு இரவெல்லாம் சுவர் வழியே ஒழுகியிருக்கிறது. காலையில் மேலே துடைத்தார்கள், பளபளவென்று இருந்தது. மூன்று வாரம் கழித்து அறையில் ஈரத்துணி வாடை. கழற்றிப் பார்த்தால் பலகைக்கு அடியில் சிமெண்ட் இன்னும் ஈரமாக இருக்கிறது, ஓரமெல்லாம் கருப்புப் பூஞ்சை. பலகைகள் முழுசாகத்தான் இருந்தன. கழற்றும்போது கொக்கிகள் உடைந்து பாதியைத் திரும்பப் போட முடியவில்லை.

மரம் இதற்கு நேர் எதிர். தண்ணீர் பட்டால் ஒளிக்காது. மறுநாளே கட்டை உப்பி, ஓரம் தூக்கிக்கொண்டு காலில் இடறும். பார்க்கவே பயமாக இருக்கும். நன்றாகக் காயவிட்டால் பல கட்டைகள் தாமாகப் படிந்துவிடும், படியாததை மட்டும் நெம்பி எடுத்து வேறு கட்டை பதிக்கலாம். எனக்கு இந்த வித்தியாசம்தான் விலையைவிடப் பெரிதாகப் பட்டது. மரத்தின் கோளாறு கண்ணுக்குத் தெரியும், துண்டு துண்டாகச் சரி பண்ணலாம். வினைலின் கோளாறு அடியில் இருக்கும், தெரியும்போது ஒரு பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

அதற்காக மரம் சாது என்று சொல்லவில்லை. சிங்கப்பூரில் விடியற்காலை காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகல் 60 வாக்கில் இறங்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். அதிலும் இரவு முழுக்க ஏர்கான் ஓடுகிற படுக்கையறையில் காற்று காய்ந்து கட்டைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழும். தேக்கு இந்த ஆட்டத்தை மற்ற மரங்களைவிடக் குறைவாக ஆடும். ஓக் மரம் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் 10 விழுக்காடு வரை சுருங்கக் கூடியது, தேக்கு அதில் ஏறத்தாழப் பாதி. எண்ணெய்ப் பசையும் இருப்பதால் கரையானும் எளிதில் தொடாது. ஐரோப்பியப் படங்களைப் பார்த்து மயங்கி வெளிர் நிற ஓக் கேட்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பார்க்கே என்றதும் அரண்மனை ஞாபகம் வருவதற்கும் காரணம் உண்டு. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684இல் பளிங்குத் தரையை எடுத்துவிட்டுத்தான் மரத்தரை போட்டார்கள். பளிங்கை ஓயாமல் கழுவியதில் தண்ணீர் இறங்கி அடியிலிருந்த மர உத்திரங்கள் இற்றுப்போயினவாம். மேலே பளிங்கு பளபளத்தது, அடியில் உளுத்தது. நண்பன் வீட்டுக் கதையேதான்.

சரி, கடன் வாங்கியாவது புதுத் தேக்கு போடலாமா? நான் வேண்டாம் என்பேன். மியன்மார் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று நம் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரும்பாலும் தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டிய தேக்கு. ஓரத்து வெளிர்மரம் அதிகம், வைரம் பாய்ந்த நடுமரம் குறைவு. விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று இன்னொன்றையும் நீட்டுவார்கள்: மேலே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நல்ல மரம், கீழே ஒட்டுப்பலகை. அது மோசமான சரக்கில்லை, நம் ஈரத்துக்கு நெளியாமல் நிற்கும். ஆனால் அதை அசல் மரத்தின் விலைக்கு விற்கிறார்களா என்று பார்க்கப் பலகையின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். அடுக்கு தெரிந்தால் முழு மரமில்லை. மேல் மரம் மெல்லியதாக இருந்தால் ஒருமுறைக்கு மேல் தேய்க்கவும் முடியாது.

தேய்ப்பது என்றேன். அசல் மரத்தின் பெரிய பலம் அதுதான். இயந்திரத்தால் தேய்த்து மேலே அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ எடுத்துவிட்டு, புதுப் பூச்சு அடித்தால் கீறல், கறை, நிறமாற்றம் எல்லாம் போய்ப் புதுத்தரை. எட்டு மில்லிமீட்டர்க் கட்டையில் இதை மூன்று நாலு தடவை செய்யலாம். வினைலில் படலம் தேய்ந்துவிட்டால் அச்சிட்ட படம் தேயும், அதோடு முடிந்தது, பெயர்த்துப் போட வேண்டியதுதான். ஆகவே வினைல் விலையைப் போடும்போது இரண்டாவது வினைலின் விலையையும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் அது வரும்.

இந்த இடத்தில்தான் எங்கள் கணக்கே மாறியது. பார்க்கேயைப் பெயர்க்க விலை சொல்ல வந்த குத்தகையாளர் அறுபது வயதிருக்கும் ஒரு சீன அங்கிள். அளவெடுப்பார் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து 20 காசு நாணயத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரோரம் தொடங்கி ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். டக், டக், டக். நடுவில் ஒரு இடத்தில் டொக் என்று உள்ளீடற்ற சத்தம். அந்தக் கட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஜன்னல் ஓரம் வந்ததும் ஆணி முனையால் குத்திப் பார்த்தார், இறங்கவில்லை. மழைச்சாரல் பட்டுக் கறுத்த கட்டைகளைத் தனியாக எண்ணினார். மூன்று அறையிலும் சேர்த்துச் சாக்பீஸ் கோடு 31. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, இதை ஏன் காசு கொடுத்துக் குப்பையில் போடுகிறாய், இந்த மாதிரி மரம் இப்போது வாங்க முடியாது, தேய்த்துத் தருகிறேன் என்றார். சதுர அடிக்கு இரண்டரை வெள்ளி. 360 சதுர அடிக்கு 900. ஆடும் கட்டைகளைத் திரும்ப ஒட்டி, கறுத்ததை மாற்றித் தர 200.

பெயர்ப்பதற்கு மட்டும் 1,080 கேட்டிருந்தார்களே, அதைவிட இருபது வெள்ளிதான் அதிகம். பழைய பார்க்கே இருக்கிற வீட்டில் புதுமரத்தையும் வினைலையும் மட்டும் ஒப்பிடுவது இதனால்தான் தப்பு.

நாணயம் தட்டும் பரிசோதனையை யாரும் செய்யலாம். பத்தில் ஒன்று டொக் என்றால் பிரச்சினை இல்லை. பாதிக்குமேல் டொக் என்றால் அடிப்பசை விட்டுப்போயிருக்கிறது, பெயர்ப்பதுதான் நல்லது. கரையான் இருந்தால் கட்டை மேலே முழுசாகத் தெரியும், ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஸ்கர்ட்டிங் பின்னாலும் கதவுச் சட்டத்தின் அடியிலும் மண் கோடு தெரிகிறதா பாருங்கள். முன்பு இருந்தவர்கள் ஏற்கெனவே எத்தனை தடவை தேய்த்திருக்கிறார்கள் என்று அறிய, ஆடுகிற கட்டை ஒன்றை எடுத்துத் தடிமனை அளந்தால் போதும். எங்களுடையது ஏழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இன்னும் இரண்டு தடவையாவது தாங்கும்.

சிலர் பார்க்கே மேலேயே வினைலைப் போட்டு மூடிவிடச் சொல்வார்கள். பெயர்க்கும் கூலி மிச்சம் என்பது அவர்கள் வாதம். செய்யாதீர்கள். மரத்துக்கு மூச்சுவிட இடமில்லாமல் அடியில் ஈரம் தங்கும், ஆடும் கட்டைமேல் வினைலின் கொக்கி நிற்காது. கெட்டியான ஓட்டுத்தரைமேல் போடுவது வேறு, அது நல்ல முறை. உடைக்க வேண்டியதில்லை, தூசியில்லை. ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய வீடுகளில் ஒட்டியிருக்கும் சதுர வினைல் ஓடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். அதை நீங்களே சுரண்டிப் பெயர்க்கக் கூடாது.

வேலை நடக்கும் நாட்களையும் ஒப்பிட வேண்டும், இதில் வினைல் சுலபமாக ஜெயிக்கும். 320 சதுர அடியை இரண்டு பேர் ஒரே நாளில் போட்டுவிட்டுப் போனார்கள், இராத்திரியே நடந்தோம். மரம் தேய்ப்பது அப்படியில்லை. தூசி உறிஞ்சும் பையோடு இயந்திரம் வந்தாலும், அலமாரிக்குள், மின்விசிறி இறக்கையில், காதுக்குள் எல்லாம் மரத்தூள். பிறகு பூச்சு, காய்ந்ததும் லேசாகத் தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று மூன்று நாள். வாடை தலைவலி தரும். தண்ணீர் கலந்து தயாரித்த பூச்சு கொஞ்சம் விலை கூட, வாடை குறைவு. ஒரு வாரம் கனமான சாமான் வைக்கக் கூடாது. குடியேறுவதற்கு முன்பே செய்துவிட்டால் தொல்லை பாதி. தரையைப் பெயர்ப்பதாக இருந்தால் வீவக அனுமதி வேண்டும், அந்தச் சத்தத்தை வாரநாளில் காலை 9 மணியிலிருந்து 5 மணிவரைதான் அனுமதிக்கிறார்கள். அதனால் நாட்கள் இழுக்கும்.

வினைலில் கவனிக்க வேண்டியவை சில, கடைக்காரர் சொல்ல மாட்டார். கொக்கி மாட்டிய தரை மிதக்கும் தரை. அதன்மேல் சுவரலமாரியைப் பொருத்திவிட்டால் ஒரு பக்கம் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் வெயிலில் விரியும்போது எங்காவது தூக்கும். ஆகவே முதலில் தச்சு வேலை, அப்புறம் தரை. ஓட்டின்மேல் போட்டால் உயரம் 5, 6 மில்லிமீட்டர் ஏறும். வாசல் கதவு உரசும். அடித்தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் நடக்கும்போது டொக் டொக் என்று சத்தம் வரும், கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்கும். அடியில் நுரைப்படலம் ஒட்டியே வரும் பலகையாக வாங்கினால் கொஞ்சம் அடங்கும்.

நம் வீடுகளுக்கென்று சில சங்கதிகள் இருக்கின்றன, கடைகளில் அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பால் காய்ச்சும் நாளில் தேங்காய் உடைக்க வேண்டும் என்றால் இரண்டு தரையிலும் வேண்டாம், வாசலில் ஒரு கல்லைப் போட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகைக்கு அகல் விளக்கைத் தரையில் வைப்பவர்கள் வினைலில் அப்படியே வைக்கக் கூடாது. சூடு ஏறினால் படலம் பழுப்பாகும், ஊதுவத்திக் கங்கு விழுந்தால் சின்னக் குழி. தேய்க்க வழியில்லாததால் அந்தக் குழி அப்படியே இருக்கும். பார்க்கேயில் கங்கு விழுந்தால் கருகும், அடுத்த தேய்ப்பில் போய்விடும். எண்ணெய் சிந்தினால் பூச்சு நன்றாக உள்ள மரத்தில் துடைத்துவிடலாம், பூச்சு உரிந்த இடத்தில் உள்ளே இறங்கிக் கறையாகிவிடும். கிரைண்டரை இழுத்தால் இரண்டிலும் கோடுதான், தூக்கி வையுங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி வினைலில் மஞ்சள் தடம் பதிக்கும், அது கழுவினாலும் போகாது. துணி மிதியடி போதும். மேற்கு பார்த்த ஜன்னலுக்கு மத்தியான வெயில் வந்தால் திரை போடுங்கள், வினைல் சூடேறி விரியும். மரமும் நிறம் மாறும், ஆனால் எல்லா இடத்திலும் சேர்ந்து மாறினால் நமக்குத் தெரியாது.

யாருக்கு எது என்று கேட்டால் என் எண்ணம் இது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்து வருடம் முடிந்ததும் விற்கப் போகிறவர் மரத்தில் காசைப் போட வேண்டாம், வினைல் போதும். வாடகைக்கு விடுவதாக இருந்தாலும் அப்படியே. தவழும் குழந்தையும் அடிக்கடி சிந்தும் தண்ணீரும் உள்ள கூடத்துக்கு வினைல்தான் நிம்மதி, வழிந்ததை உடனே துடைத்தால் போதும். வெறும் சிமெண்டாக இருக்கும் புதுவீட்டில் 5,000 வெள்ளிதான் இருக்கிறதென்றால் அங்கே யோசிக்கவே இடமில்லை, நல்ல படலம் உள்ள வினைலைப் போட்டுவிட்டு மிச்சத்தில் மின்விசிறி வாங்கலாம். பழைய பார்க்கே பாதிக்குமேல் நன்றாக இருக்கிற வீடென்றால், அதைப் பெயர்க்காமல் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தேக்கு 17 வெள்ளிக்கு வாங்குவது, இருபது வருடம் அதே வீட்டில் இருக்கப்போகிற, கையில் பணமும் உள்ளவர் கவலை.

எங்கள் வீட்டில் கடைசியில் நடந்தது இதுதான். கூடத்தில் ஓட்டின்மேல் 0.5 படலம் உள்ள வினைல், 1,760 வெள்ளி. ஸ்கர்ட்டிங் 200. படுக்கையறைகளில் பழைய பார்க்கேயைத் தேய்த்ததும் ஒட்டியதும் 1,100. மொத்தம் 3,060. மனைவிக்கு ஒரே ஒரு குறை, நடையிலிருந்து அறைக்குள் போகும் இடத்தில் நிறம் ஒட்டவில்லை. வினைல் சாம்பல் கலந்த பழுப்பு, தேக்கு தேய்த்ததும் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. முதலில் மரத்தைத் தேய்த்து நிறம் பார்த்துவிட்டு அப்புறம் வினைல் வாங்கியிருக்க வேண்டும். அதை நாங்கள் தலைகீழாகச் செய்தோம். வாசற்படி போல ஒரு மெல்லிய அலுமினியப் பட்டை போட்டு மறைத்திருக்கிறோம்.

மாமனார் தேய்த்த அறைக்குள் செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூடத்துக்கு வந்து கால்விரலால் வினைலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுவும் பரவாயில்லை" என்றார். மிச்சமான ஒரு பெட்டி வினைலையும், மாற்றுவதற்கென்று அங்கிள் கொடுத்துவிட்டுப்போன பதினாலு தேக்குத் துண்டுகளையும் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். அதே மாதிரி வினைல் அடுத்த வருடம் கடையில் இருக்காது என்று போட்டவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள்.